இரண்டு அறுபது

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில், இயந்திர வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு இயந்திரப் பொறியியல் மாணவர்களின் குழுத் திட்டங்களுக்குத் தொழில்துறை ஆலோசகராகவும் போய் வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. புதிதாகத் தொழிற்சாலைக்கு வரும் பிள்ளைகள் கணக்கு நன்றாகப் போடுகிறார்கள், மென்பொருளில் படமும் அழகாக வரைகிறார்கள். தன் பாகம் பக்கத்து ஆளின் பாகத்தோடு எங்கே சேர்கிறது என்று எழுந்து போய்க் கேட்கும் பழக்கம்தான் பலரிடம் இல்லை. அதைப் பழக்க இந்தத் திட்டத்தைவிட நல்ல இடம் படிப்பில் வேறு இல்லை.

மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. நம் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை மற்ற உறுப்பு நாடுகள் மதிப்பதற்கு அதுதான் அடிப்படை. அங்கீகாரம் தரும் பொறியியல் அங்கீகார மன்றம், இறுதியாண்டு ஆய்வு போக, ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டம் ஒன்றையும் கேட்கிறது. ஆய்வை ஒருவரே உட்கார்ந்து முடித்துவிடலாம். வடிவமைப்புத் திட்டத்தைக் குழுவாகத்தான் செய்ய வேண்டும். ஆனால் முதல் கூட்டத்திலேயே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள்.

ஒரு குழு முறுக்கு பிழியும் இயந்திரம் செய்தது. பட்டர்வொர்த் பக்கம் தீபாவளிக்கு வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மாவுக்காக. வயதாகிவிட்டதால் உழக்கை அழுத்தத் தோள் இடம் கொடுக்கவில்லை அவருக்கு. குழுவில் தமிழ்ப் பிள்ளைகளோடு மலாய், சீன மாணவர்களும் இருந்தார்கள். சட்டகம் ஒருவருக்கு, மோட்டாரும் திருகு தண்டும் ஒருவருக்கு, மாவு உருளை ஒருவருக்கு, உருளைக்குள் மாவை அழுத்தித் தள்ளும் பிஸ்டன் ஒருவருக்கு. செலவுக் கணக்கும் அறிக்கையும் மீதமிருந்த ஒரு பெண்ணுக்கு.

உருளையின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர் என்றது ஒரு வரைபடம். பிஸ்டனின் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர் என்றது இன்னொன்று. இரண்டிலும் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு, இல்லை. கடைசல் பட்டறைக்காரர் சொன்ன அளவுக்கே கடைந்து கொடுத்துவிட்டார். பிஸ்டன் உள்ளே போகவில்லை.

“சார், என்னோடது கரெக்டா அறுபது இருக்கு” என்று வெர்னியர் அளவுகோலை நீட்டினான் உருளை செய்த தம்பி. பிஸ்டன் செய்தவனும் அதையே சொன்னான். இரண்டு பேரும் சொன்னது உண்மை. பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி யாருடைய வேலை என்று கேட்டேன். பதில் இல்லை. பங்கு போட்டபோது அந்த இடைவெளி யார் பங்கிலும் விழவில்லை.

பிஸ்டனைக் கொஞ்சம் தேய்த்து உள்ளே தள்ளலாமா என்று கேட்டார்கள். இரண்டுமே 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரே ரக ஸ்டீல் ஒன்றோடொன்று அழுந்தி உராய்ந்தால் பரப்பு பிய்ந்து, ஒட்டி, இறுகிக்கொள்ளும். அதனால் பிஸ்டனை உணவுக்கு ஏற்ற அசெட்டால் பிளாஸ்டிக்கில் செய்ய முடிவானது. இடைவெளி 0.15 மில்லிமீட்டர் என்று எழுதினார்கள்.

செலவுக் கணக்குப் பார்த்த பெண் அதற்குள் அந்த அம்மாவின் சமையலறைக்கே போயிருந்தாள். “ஆன்ட்டி, இதை எதில கழுவுவீங்க?” என்று கேட்டிருக்கிறாள். “எண்ணெய்ப் பிசுக்கு போகணுமில்ல, சுடுதண்ணி ஊத்தித்தான்மா.” திரும்பி வந்து தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். 60 மில்லிமீட்டர் அசெட்டால், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.2 மில்லிமீட்டர் பெருக்கும். ஸ்டீல் உருளை பெருப்பதோ 0.03 அளவுதான். கழுவிய சூட்டோடு மாட்டினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இடைவெளியை 0.4 ஆக்கி, மாவு பின்னால் கசியாமல் இருக்க ஒரு சிலிக்கோன் வளையம் போடச் சொன்னாள். பட்டறைக்குப் போகும் முன்பே வரைபடம் திருந்தியது. தொழிற்சாலையில் இப்படி ஓர் ஆள் கிடைத்தால் நான் விடவே மாட்டேன்.

மதிப்பெண் வந்தபோதுதான் எனக்கு வருத்தம். சட்டகத்தின் தகைவை, அதாவது சுமை ஏறும்போது உள்ளே எங்கே எவ்வளவு அழுத்தம் என்பதை, நீலமும் சிவப்புமாகக் காட்டிய படங்களுக்கு நல்ல மதிப்பெண். அந்தச் சட்டகம் எந்த நாளும் உடையப் போவதில்லை, தேவைக்கு மேல் தடித்த குழாய் அது. செலவுக் கணக்குக்கு மதிப்பெண் குறைவு, இடைவெளிக் கணக்குக்கோ மதிப்பெண் படிவத்தில் கட்டமே இல்லை. குழுவினர் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் படிவத்தில் மட்டும் எல்லாரும் அவளுக்கு மேலாகப் போட்டிருந்தார்கள். கூட இருந்து வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போதெல்லாம் கணினியில் வரையத் தொடங்கும் முன்பே ஓர் ஏ4 தாள் கேட்கிறேன். எந்தப் பாகம் எதோடு சேர்கிறது, இரண்டு பக்கத்து அளவும் டாலரன்ஸும் என்ன, எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு சூடு, கழற்றிக் கழுவுவது யார் என்று அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் பொறுப்பாக ஒருவர் பெயர் வேண்டும். பெயர் இல்லாத இணைப்பு இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் மேலே பேசுவோம். முதலில் சலித்துக்கொள்வார்கள், சரி, பரவாயில்லை. மதிப்பெண் படிவத்தில் இந்தத் தாளுக்குத் தனியாக ஒரு கட்டம் போடச் சொல்லித் துறை விரிவுரையாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அது வந்துவிட வேண்டும்.