வீட்டில் பதிவு செய்த தவிலைச் சமன் செய்யப் பட்ட பாடு

கூடல் நகரில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு நாகசுரப் பதிவுக்காகத் தவிலை மட்டும் தனியாகப் பதிவு செய்தோம். குச்சியால் அடிக்கும் முகமான தொப்பிக்கு ஒரு மைக்கும் விரல்களால் வாசிக்கும் முகமான வலந்தலைக்கு ஒரு மைக்கும் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, ரயில் போகும் நேரங்களைத் தவிர்த்துச் செய்த அந்த வேலை தடையின்றி முடிந்தது. தொல்லை எல்லாம், பதிவுகளை அளவு பார்த்து ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில்தான் தொடங்கியது.

தொப்பியில் விழுந்த குச்சியடி ஓங்கிக் கேட்டது. அதன் கீழே இருக்க வேண்டிய கனம் வந்து வந்து மறைந்தது. வலந்தலையின் விரற்சொற்களோ ஓர் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) துலக்கமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் ஒலித்தன. வேகம் கூடும்போது வாசிப்பவர் உடலைத் திருப்புவார், தவிலும் உடன் நகரும், மைக் மட்டும் வைத்த இடத்தில் நிற்கும். இடைவெளி 10 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ. ஆனாலே ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் இறங்கிவிடும்.

நாகசுரம் வாசித்தவர் அவசரப்படுத்தியதால், நகருக்குள் உள்ள ஒரு ஸ்டுடியோவில் முன்பணம் கொடுத்தேன். சொன்ன நேரத்துக்குப் போனால் பூட்டிக் கிடந்தது. மறுபடி போனபோது, "ரெண்டு டிராக்கையும் சேர்த்து ஒரே ஃபைலா குடுங்க சார், வேலை சுலபம்" என்றார்கள். நான் உடன்படாமல் தனித்தனியாகவே கொடுத்தேன். இரு முகங்களையும் ஒன்றாக்கிய பிறகு ஒன்றை மட்டும் ஏற்றவோ இறக்கவோ வழியே இல்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

திரும்பி வந்த ஃபைலில் அளவுகள் உண்மையிலேயே சமமாக இருந்தன. தவில் வாசித்த அண்ணன் சற்று நேரம் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, நான் கூடு போடாமலா வாசிச்சேன்?" என்றார். அவர் மனம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. விரல்களில் மாட்டும் கெட்டியான உறையான விரற்கூடு தோலில் படும் அந்தச் சுரீர் ஒலி அடியின் முதல் சில மில்லிசெகண்டுகளில்தான் இருக்கிறது. உரத்த ஒலியைத் தானாக இறக்கும் கம்ப்ரசரில், அது செயல்பட எடுக்கும் நேரமான அட்டாக்கை மிகக் குறைவாக வைத்து அழுத்தினால் அந்த முனை மழுங்கி, பின்னால் வரும் கார்வையும் அறையின் இரைச்சலும் மேலே ஏறிவிடும். ஸ்டுடியோவில் விளக்கம் கேட்டதற்கு, "லெவல் சமமா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்" என்ற பதில்தான் கிடைத்தது.

அதன் பிறகு மூல டிராக்குகளை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். முதலில் பார்த்தது போலாரிட்டி, அதாவது ஒலியலை மேல்நோக்கி எழுகிறதா கீழ்நோக்கி இறங்குகிறதா என்பது. குச்சி தொப்பித் தோலை உள்ளே தள்ளும்போது உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது. ஆகவே எதிரெதிரே நிற்கும் இரு மைக்குகளில் பதியும் அலைகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும், சேர்த்துக் கேட்டால் கீழ்ஒலி தேய்ந்துபோகும். வலந்தலை டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தியதும் தொப்பியின் கனம் அப்படியே எழுந்து வந்தது! காசு வாங்கியவர்கள் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கனம் கிடைத்துவிட்டதால் தொப்பி டிராக்கைத் தயக்கமின்றி இறக்க முடிந்தது. பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

மீதியைக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. நார்மலைஸ் செய்து பயனில்லை. அது எல்லா அடிகளையும் ஒரே அளவு உயர்த்துமே தவிர, அவற்றுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிடும். எந்த அடி மைக் விலகியதால் மங்கியது, எது வேண்டுமென்றே மென்மையாக வாசிக்கப்பட்டது என்பதும் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதனால் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வோர் இடமாகக் கேட்டேன். வாசிப்பின் ஒரு பகுதியை முடித்துவைக்கும் சொற்கட்டான தீர்மானத்துக்கு முன்னால் நான் ஒலியை உயர்த்தப் போனபோது, "அது நானா அமுக்குனது தம்பி, அதைத் தொட்டுறாதீங்க" என்று தடுத்தார். மற்ற இடங்களில் அடி தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே வெட்டி, அந்தத் துண்டின் கெயினை (ஒலியளவை) மட்டும் 2 முதல் 4 டெசிபெல் வரை உயர்த்தி, இணைப்பில் ஒரு துண்டு தேய மற்றது எழும்படி சில மில்லிசெகண்டு கிராஸ்ஃபேட் கொடுத்தேன். அடியின் மேலேயே வெட்டினால் 'டிக்' என்று கேட்கும். வலந்தலை மைக்கில் தொப்பியின் ஒலியும் கலந்திருக்கும் என்பதால், அந்த டிராக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கீழ்ஒலியைக் குறைத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. இல்லையென்றால் விரலடியை உயர்த்தும் இடமெல்லாம் தொப்பியும் சேர்ந்து துள்ளும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்ரசரைப் போட்டேன். ரேஷியோ எனும் அழுத்தும் விகிதம் 2:1, அட்டாக் 25 மில்லிசெகண்டு, குறைப்பு 3 டெசிபெலைத் தாண்டாமல். கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்டுத் தொப்பியின் அளவை முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கீழ்ஒலி அதில் சரியாகக் கேட்காது.

அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு நாகசுரத்தோடு சேர்க்கச் சொல்லிவிட்டார். அடுத்த பதிவுக்கு, தவிலோடு சேர்ந்தே நகரும்படி அதிலேயே மாட்டும் சிறிய கிளிப் மைக்குகளை ஏற்பாடு செய்திருக்கிறேன். முன்பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.