லிப்டன் சீட் ரோல் கழுவியாச்சு

போன மாதம் ஹப்புத்தளைப் பக்கத்து மலைக் காட்சிமுனையான லிப்டன் சீட்டில் ஒரு தங்கச்சியை மாடலாக வைத்து எடுத்த ஃபிலிம் ரோலை நேற்றிரவுதான் கழுவினேன். இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், 36 படம். படத்தை வெளியே கொண்டுவரும் டி-76 மருந்தில் சம அளவு தண்ணீர் கலந்தால் 20 பாகை செல்சியஸில் 11 நிமிடம். ஹப்புத்தளைக் குளிரில் குழாய்த் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு எங்கே வரும்? கேத்தலில் கொதிக்கவைத்துக் கலந்து, வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை. சூடு குறைந்தால் நெகட்டிவ் மெலிந்துவிடும். முன்பு ஒரு கடையில் கொடுத்த ரோல் முழுக்கக் கீறலோடு வந்தது, அதிலிருந்து நானேதான்.

அப்புறம் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், தண்ணீரில் அலசல், சரி, சுருளை வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் மூடுபனி கறுப்பு, அவள் கூந்தல் கண்ணாடி மாதிரி. கடைசி இரண்டு படத்தில் கொழுந்துக் கூடையோடு அவளுடைய அம்மா. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி, முதல் பிரிண்ட் அம்மாவுக்குத்தான்.