மூன்று சென்டிமீட்டர் என்று எழுதினார்கள், எங்கே என்று எழுதவில்லை

கர்ப்பப்பையில் இருந்த நார்க்கட்டியை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் அதற்கு முன் ஒன்றரை வருடம் அலைந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. யாராவது ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் அதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 43 வயது. ஐந்து நாளில் முடிகிற மாதவிடாய் ஒன்பது நாளாக நீண்டது. முதல் மூன்று நாளும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றினேன். நாற்காலியில் கறுப்புத் துண்டை நான்காக மடித்துப் போட்டுத்தான் உட்காருவேன். முதலில் பார்த்த டாக்டரிடம் "ரொம்பப் போகுது டாக்டர்" என்றேன். "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. அவர் சொன்னதை நம்பி எட்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். கடைசியில் ஒரு மாடி ஏறுவதற்குள் நெஞ்சு படபடத்து, பாதிப் படியில் உட்கார வேண்டிய நிலை வந்தது.

அக்காதான் திட்டினாள். "ரொம்பன்னா எவ்வளவுடி? தேதி போட்டு எழுது." எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது, கட்டி கட்டியாக வந்ததா, ராத்திரி எத்தனை முறை எழுந்தேன் என்று இரண்டு மாதம் ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். அடுத்துப் பார்த்த டாக்டர் அந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் பேசாமல் ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் எழுதினார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. எனக்கு 7.4 இருந்தது.

ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு லிட்டர் குடித்துவிட்டுப் போனால் இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். தாங்க முடியவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் என்று ரிசப்ஷனில் இரண்டு முறை கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கூப்பிடுவோம்" என்றார் அந்தப் பெண். பாத்ரூம் போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சிறுநீர்ப்பை நிரம்பவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் வேறொருவர் இருந்தார். "உள்வழியா, அதாவது பிறப்புறுப்பு வழியா, எடுக்குற ஸ்கேனும் இருக்கும்மா, அதுக்கு நீர்ப்பை காலியாத்தான் இருக்கணும். அதுல கர்ப்பப்பை இன்னும் தெளிவா தெரியும்" என்றார். இதை முதல் நாளே யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு எந்த ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள் என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உள்வழி ஸ்கேன் என்றால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ரிப்போர்ட்டில் '3 செ.மீ. நார்க்கட்டி' என்று மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர், "குழந்தைங்கதான் இருக்காங்களே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று தேதியே குறிக்கப் போனார். கர்ப்பப்பையை எடுப்பது தப்பு என்று சொல்லவில்லை, பலருக்கு அதுதான் சரியான தீர்வு. ஆனால் வேறு வழி உண்டா என்ற பேச்சே அந்த அறையில் எழவில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அடுத்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கட்டி எங்க இருக்குன்னு போடவே இல்லையே?" என்பதுதான். ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து காட்டினார். வெளிப்பக்கமாக வளரும் கட்டி பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் ரத்தப்போக்கைக் கூட்டாது. சுவருக்குள் இருப்பது ஒரு வகை. உட்குழிக்குள் துருத்திக்கொண்டு இருப்பது சின்னதாக இருந்தாலும் ரத்தம் கொட்டும். மறுபடி எடுத்த ஸ்கேனில் என்னுடையது முழுக்க உட்குழியில் இருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், ஹிஸ்டரோஸ்கோப் என்ற குழாயை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார். காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பலருக்கு ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும், உங்களுக்கு உட்குழியின் வடிவமே மாறியிருப்பதால் வெளியே வந்துவிடக்கூடும் என்றும் விளக்கினார். இருபது நிமிடம் பேசினார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை.

அப்புறமும் ஒரு தடங்கல். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலை ஆறு மணிக்கு அட்மிட் ஆனேன். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் 7.8-ஐ வச்சுக்கிட்டு அவசரமில்லாத ஆபரேஷன் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ரிசல்ட் நான்கு நாளாக ஃபைலில் இருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. தேதி வாங்கியதும் நீங்களே போன் செய்து, இந்த ஹீமோகுளோபினுக்கு ஆபரேஷன் செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள். மாத்திரையில் ஏறாததால் இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள், ஐந்து வாரத்தில் 10.9 வந்தது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு டீ, காபி குடிக்காதீர்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். கவரில் 'தினம் மூன்று வேளை' என்று எழுதியிருந்ததால், ரத்தம் நின்ற பிறகும் நான்கு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது ரத்தம் போகிற நாட்களுக்கு மட்டுமான மாத்திரை. முன்பு கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த அனுபவம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்தால் கூப்பிடுவார்கள் என்று பத்து நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், ராத்திரி தூக்கமில்லை. பதினோராவது நாள் நேரில் போய்க் கேட்டால், "அது போன வாரமே வந்துடுச்சேம்மா" என்று இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, சாதாரண நார்க்கட்டி. அங்கேயே, அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன்.