செவலையின் இடது பின்காம்பு

ஐப்பசி 18
கறுப்புத் துணியில் பீய்ச்சிய முதல் பால் திரி திரியாக விழுந்தது. செவலைப் பசுவின் இடது பின்காம்பு. மற்ற மூன்றும் சுத்தம்.

ஐப்பசி 19
காய்ச்சல் இல்லை, அசை போடுகிறது. டாக்டர் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, மடிநோய், ஆரம்பம்தான், கற்றாழைப் பூச்சைப் போடுங்கள் என்றார். காய்ச்சல் கண்டாலோ, தீவனத்தைத் தொடாமல் நின்றாலோ, பால் தண்ணீராக இறங்கினாலோ உடனே கூப்பிட வேண்டுமாம். அப்போது ஊசிதான்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைபடும்போதே ஆரத்தித் தண்ணீராகச் சிவந்துவிட்டது. ஒரு கைப்பிடி எடுத்துக் கரைத்து, மடியைக் கழுவி, கெட்ட பாலை ஒட்டக் கறந்துவிட்டுப் பூச வேண்டும். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். செலவில்லாத வைத்தியம் என்று சொல்பவர்கள் பத்து முறை குனிந்து நிமிர்ந்ததில்லை.

ஐப்பசி 20
விடாத மழை. தொழுவத் தரை காயவே இல்லை. கிருமி சாணத்திலும் சேற்றிலும்தான் இருக்கிறது. கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும்; அதற்குள் மாடு படுத்தால் எல்லாம் வீண். கறந்த கையோடு தீவனம் போட்டு நிற்க வைத்தேன். செவலைக்கு என்மேல் கோபம்.

கொழுந்தன் இன்றும் கட்டைவிரலை மடக்கித்தான் கறந்தான். காம்பு உள்ளே புண்ணாகும், முழுக்கையால் கற என்றால், "அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் மதினி" என்கிறான். அப்பா காலத்து மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. இனி இந்த நோய்க் காம்பை நான்தான் கறப்பேன், அதுவும் மற்ற மூன்றுக்கும் பிறகு, கடைசியாக.

ஐப்பசி 21
பூச்சோடு உள்ளுக்கும் கொடுக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்தால் உதட்டைச் சுருட்டிக்கொண்டு துப்புகிறது. வெல்லத்தோடு உருட்டிக் கொடுத்தேன். வெல்லம் மட்டும் உள்ளே போயிற்று.

ஐப்பசி 22
சித்தப்பா உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, ஊசி போட்டு முடிக்காமல் என்ன பூசிக்கொண்டிருக்கிறாய் என்று சத்தம் போட்டார். மருந்து பாலில் இறங்கும், டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை பால் சொசைட்டிக்கு ஊற்ற முடியாது, உறை ஊற்றினால் தயிர்கூடத் தோயாது என்றேன். போன பிறகு யோசித்தேன்: ஊசியே ஆகாது என்று பிடிவாதம் பிடித்து காம்பைச் செத்துப்போக விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரவு மூன்று மணிக்கு எழுந்து காதைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை.

ஐப்பசி 23
கெட்டித்திருந்த இடம் இளகியிருக்கிறது. உதைக்கவில்லை.

ஐப்பசி 24
காலையில் துணியில் ஒன்றுமில்லை. மாலையில் ஒரே ஒரு திரி.

ஐப்பசி 25
டாக்டர் சோதனைத் தட்டில் நான்கு காம்புப் பாலையும் விட்டு, மருந்து ஊற்றிச் சுழற்றினார். மூன்று குழியில் நீராக ஓடியது. நான்காவதில் லேசாகத் திரண்டது. நோய் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் இருக்கிறதாம். மறுபடி பூச வேண்டும். வேலியோரக் கற்றாழை தீர்ந்துவிட்டது; கொழுந்தனைக் கண்மாய்க் கரைக்கு அனுப்பியிருக்கிறேன்.