சிக்ஸ்த் ஃபார்மில் ஆங்கில மொழி படித்தபோது

யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்த கையோடு லண்டன், ஹரோவுக்கு வந்தேன். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடிந்ததும் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். அங்கே எழுதும் ஏ லெவல் தேர்வுக்கு உளவியல், வரலாறு, ஆங்கில மொழி என்று மூன்று பாடங்களைத் தெரிவு செய்தேன். “இங்கிலீஷை ஒரு பாடமா எடுத்து என்ன செய்யப் போறாய்?” என்று மாமா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊரில் ஏ லெவலுக்கு இணையான உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு தாள் உண்டு; ஆனால் அதன் புள்ளி பல்கலைக்கழகத் தெரிவுக்குக் கணக்கில் வராது.

இங்கே இது முழுப் பாடம். ஆங்கில இலக்கியம் வேறு, இது வேறு. நாவலும் நாடகமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம், மக்கள் பேசுவதும் எழுதுவதுமே பாடப்பொருள்: விளம்பரம், பழைய காலத்துக் கடிதம், குழந்தையின் மழலை, பேருந்தில் பையன்கள் கதைக்கிற லண்டன் பேச்சு. இங்கே தேர்வு நடத்தும் வாரியங்கள் பல; நான் எழுதியது ஏ.கியூ.ஏ. வாரியத்தின் தேர்வு. இரண்டரை மணி நேரத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 40 வீதம்; மீதி 20 வீதம் நாமே செய்யும் ஆய்வுக்கும் எழுத்துக்கும்.

குழந்தை மொழிப் பகுதிதான் என்னை முதலில் பிடித்து இழுத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ 1958இல் செய்த சோதனை ஒன்று. பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, தானே புனைந்த பெயரால் இது ‘வக்’ என்கிறார். பிறகு இரண்டைக் காட்டி, இப்போது என்ன என்று கேட்கிறார். ‘வக்ஸ்’ என்கிறது பிள்ளை. அந்தச் சொல்லை அது யார் வாயிலும் கேட்டிருக்க முடியாது. ஆக, பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, விதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் ‘வென்ட்’டை விட்டு ‘கோ-எட்’ என்பதும் அதே மாதிரி ஒரு விதியின் வேலைதான். சிவப்பு மையால் சுழிக்கப்படும் ஆங்கிலத்தோடு வளர்ந்த எனக்கு, ஒரு பிழையை ஆசிரியை அறிவின் சான்றாக எடுத்து விளக்கியது பெரிய ஆறுதல்.

அப்புறம் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவு மக்களின் பேச்சு பற்றிய அவரது ஆய்வு 1963இல் வந்தது. கோடையில் வந்து குவியும் வெளியாட்களை விரும்பாத மீனவர்களிடம் தீவின் பழைய உயிரொலிகள் அழுத்தமாகவே இருந்தன. ஊர்ப்பற்று உச்சரிப்பில் தெரியும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! உலகில் ஆங்கிலம் பரவிய விதத்தைக் காட்ட மொழியியலாளர் பிரஜ் கச்ரு வரைந்த மூன்று வட்டங்களில், இந்தியாவும் இலங்கையும் காலனி ஆட்சியோடு ஆங்கிலம் வேரூன்றிய நாடுகளின் இரண்டாவது வட்டத்தில் வருகின்றன. எங்கள் ஆங்கிலத்துக்கும் தனக்கென ஒரு வடிவம் உண்டு என்று பாடநூலில் படித்த நாளை மறக்க மாட்டேன்.

ஆய்வுக்கு எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டுப் பேச்சையே எடுத்தேன். எல்லோரிடமும் சம்மதம் வாங்கிப் பதிவு செய்தேன். அதை எழுத்தில் பெயர்ப்பதுதான் உண்மையான வேலை. முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதுவும் இல்லை. சின்ன மௌனத்துக்கு அடைப்புக்குள் ஒரு புள்ளி. நீண்ட மௌனம் என்றால் எத்தனை நொடி என்று அளந்து குறிக்க வேண்டும். ஒரு நிமிடப் பேச்சு ஒரு மாலையையே தின்றுவிடும். அம்மம்மா தமிழிலேயே கேட்பார், தம்பி ஆங்கிலத்திலேயே பதில் சொல்வான், அம்மா இரண்டுக்கும் நடுவில். “அந்த அப்பொயின்ட்மென்டை கான்சல் பண்ணிப்போட்டு வேற டேட் எடு” என்கிறார் அம்மா. சொற்கள் ஆங்கிலம், ஆனால் அந்த ‘ஐ’யும் ‘பண்ணிப்போட்டு’ம் வாக்கியத்தைத் தமிழாகவே கட்டி நிறுத்துகின்றன. பதிவு முழுக்க அம்மாவின் பேச்சு இப்படித்தான் இருந்தது. கலப்படம் என்று பெரியவர்கள் திட்டுகிற பேச்சுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருப்பதை நானே அட்டவணை போட்டுக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கடினம் என்று சிலர் தடுப்பார்கள். கட்டுரை நிறைய எழுத வேண்டும், அது உண்மை. ஆனால் இரண்டு மொழியோடு வாழ்கிற பிள்ளைக்குத் தரவு வீட்டிலேயே இருக்கிறது. மொழியியல், ஆசிரியப் பணி, ஊடகம், பேச்சு சிகிச்சை என்று போக நினைப்பவர்களுக்கு நல்ல அடித்தளம். பல பள்ளிகளில் ஆங்கில இலக்கியம் மட்டும்தான் இருக்கும். அதனால் விண்ணப்பிக்கும் முன் மொழியா, இலக்கியமா, இரண்டும் சேர்ந்ததா என்று கேளுங்கள். எந்த வாரியம் என்பதையும் கேளுங்கள், வாரியத்துக்கு வாரியம் தாள்கள் மாறும்.