1972 எம்ஜிபி: முன்சக்கர பேரிங்குகளும் ஹப்புகளும்

2025 மார்ச் 8, சனி

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் என்னுடையது 1972ஆம் ஆண்டின் திறந்த கூரை வண்டி. மணிக்கு நாற்பது மைலைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து எழும் முனகல், இடப்புறம் திரும்பும்போது கூடி, வலப்புறம் திரும்பும்போது அடங்குகிறது. இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாய்வதால் சந்தேகம் அந்தப் பக்கமே விழுகிறது.

ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இருந்தது. ஆனால் இந்த வண்டியில் கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பத் தாங்கும் செங்குத்து முளை) தேய்ந்தாலும் இதே ஆட்டம்தான் தெரியும் என்பதால், மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தேன். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் அடக்குவது பேரிங்கின் ஆட்டத்தை மட்டுமே, கிங்பினின் ஆட்டத்தை அல்ல. ஆகவே கோளாறு சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் உருளைகள் கொண்ட பேரிங்கில்தான்; கிங்பின் வரை செலவு போகாதது ஆறுதல்.

2025 மார்ச் 9, ஞாயிறு

பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். கம்பிச் சக்கரத்துக்கான ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குடத்தில், நட்டு ஆழத்தில் இருப்பதால், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் பக்கவாட்டில் உள்ள சிறு துளை வழியாகத்தான் இழுத்தெடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

ஹப் வெளியே வந்ததும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. உள் பேரிங்கின் கப்பில், அதாவது வெளிவளையத்தில், உருளைகள் ஓடும் பாதையில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அதைவிட முக்கியமாக, இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஸ்பேசர் குழாயும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடுகளான ஷிம்களும் அங்கே இல்லை. முன்பு யாரோ அவற்றை எடுத்துவிட்டு, கைப்பதத்தில் நட்டை இறுக்கியிருக்கிறார்கள்.

ஸ்பேசர் தேவையில்லை என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. நட்டை இறுக்கும்போது பேரிங்குகளின் உள்வளையங்களும் ஸ்பேசரும், ஹப் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலோடு ஒரே தண்டாக இறுகுவதால்தான் வளைவுகளில் ஆக்சில் வளையாமல் தாங்குகிறது. ஸ்பேசர் இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் ஆக்சிலின் மேல் மட்டுமே விழும். தவிர, வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் 54 முதல் 95 நியூட்டன் மீட்டர் வரையான முறுக்கத்தைக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் பேரிங் நசுங்கிவிடும்.

சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும் ஹப்பின் பற்களும் தேய்ந்து, ரம்பத்தின் பல்லைப் போலக் கூர்மையாகிவிட்டன. இத்தகைய ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டினால் அதன் பற்களையும் அது தின்றுவிடும் என்பதால், இரண்டு முன் ஹப்புகளையும் சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற முடிவு செய்து, ஸ்பேசர், ஷிம், ஆயில் சீல் ஆகியவற்றோடு வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

2025 மார்ச் 22, சனி

பழைய ஹப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் பூட்டினேன். பேரிங் கப்புகளை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்திருந்ததால் பித்தளைக் கம்பியை வைத்து மெல்லத் தட்டியதுமே இறங்கின. கப் அடியில் போய் அமர்ந்ததைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும்: மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த தட்டல், அமர்ந்த கணத்தில் கணீரென்று மாறிவிடும்.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபுறம் பிதுங்கும்வரை அழுத்தினேன். ஹப்பின் மூடியில் கிரீஸை அடைக்கும் பழக்கம் பலருக்கு இருந்தாலும் கையேடு அதைக் கூடாது என்கிறது.

அடுத்தது ஷிம் கணக்கு. தேவைக்கு மேல் ஷிம் போட்டால் உள்வளையங்கள் விலகி, ஹப் முன்னும் பின்னும் நகரும். அந்த நகர்வை அளந்து, மிகையான ஷிம்மை எடுத்துவிடுவதே முறை. இருக்க வேண்டிய இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை. ஸ்டப் ஆக்சிலின் நுனியில் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜின் முள்ளை ஊன்றி, ஹப்பை இழுத்துத் தள்ளிப் பார்த்தபோது 0.28 மில்லிமீட்டர் காட்டியது. ஷிம்கள் 0.003, 0.005, 0.010 அங்குலக் கனத்தில் கிடைக்கின்றன. 0.010 அங்குல ஷிம்மை எடுத்தால் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சும், அது போதாது. ஆகவே 0.005ஐயும் 0.003ஐயும் எடுத்தேன், அதாவது 0.20 மில்லிமீட்டர். மறுபடி அளந்தபோது கேஜ் 0.08இல் நின்றது.

2025 மார்ச் 23, ஞாயிறு

இடப்பக்கத்தில் ஸ்பேசர் பத்திரமாக இருந்தது. ஆனால் புதுப் பேரிங்குகளோடு பழைய ஷிம்களையே போட்டுப் பார்த்தால் நகர்வே இல்லை. ஹப் கையில் கனமாகச் சுழன்றது. ஒவ்வொரு பேரிங்கின் அகலமும் நூலிழை வேறுபடும் என்பதால் பழைய கணக்கு புதிய பேரிங்குக்குச் செல்லாது. 0.003 அங்குல ஷிம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்ததும் நகர்வு 0.07 மில்லிமீட்டருக்கு வந்தது. முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் 54 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, நட்டின் வெட்டு ஆக்சிலின் துளைக்கு நேராக வரும்வரை இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டேன். பழையதைத் திரும்ப வளைத்துப் போடுவது பத்துப் பைசாவுக்கு வண்டியை அடகு வைப்பதற்குச் சமம்.

பற்களில் கிரீஸ் தடவிச் சக்கரங்களை மாட்டி மாலையில் ஓட்டிப் பார்த்ததில், அறுபது மைல் வேகத்திலும் முனகல் இல்லை. பிரேக் பிடிக்கும்போது கேட்ட ‘டக்’ சத்தமும் போய்விட்டது. நூறு மைல் ஓடியபின் சக்கர நட்டுகளை மறுபடி சுத்தியலால் தட்டி இறுக்கிப் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலில் இடப்பக்க ஆயில் சீல் கசிகிறது. அந்த வேலை ஏப்ரலில்.