குதிரைக்குப் பல் பார்க்க ஆள் தேடியபோது

கோபிசெட்டிபாளையம், அந்தியூர் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு லாடம் அடிக்க ஆள் கிடைக்கும், சேணம் தைக்க ஆள் கிடைக்கும், சுழி பார்த்துச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பல் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்து வயசு சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் மார்வாரி இனப் பெண் குதிரைக்கு ஆறு வயசு என்பது எங்களுக்கே தெரியும். தேவைப்பட்டது, கடைவாய்க்குள் கையை விட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர். அவரைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட பாடு இன்னும் மனதில் ஆறவில்லை.

அறிகுறிகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. லத்தியில் ஊறவைத்த கொள்ளு முழுசு முழுசாக வந்தது. சோளத்தட்டு நாரும் நீள நீளமாகக் கிடந்தது. அப்புறம் தொட்டிக்குக் கீழே, பாதி மென்று உருட்டிக் கீழே போட்ட பச்சை உருண்டைகள். சவாரியில் இடது கடிவாளத்தைத் தொட்டாலே தலையை உதறினாள். விலா எலும்பு தெரியத் தொடங்கியது. பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தோம். சூடு என்றார்கள், திருஷ்டி என்றார்கள். அந்த உருண்டைகளைப் பார்த்தபின் எனக்குப் பல்லைத் தவிர வேறு எதிலும் சந்தேகம் இல்லை. குதிரை தின்ன மறுக்கவில்லை, தின்ன முடியாமல் துப்புகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும். தினமும் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தக டாக்டர் நேர்மையானவர். “மாட்டுக்குன்னா பார்த்துருவேன். குதிரை வாயைத் திறந்து வைக்கற மவுத் கேக் எங்கிட்ட இல்லீங்க, பழக்கமும் கம்மி. சும்மா பார்த்தேன்னு பேர் பண்ண மாட்டேன்” என்றார். அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது. அதற்கப்புறம் சந்தித்தவர்களை நினைக்கும்போது அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அது ஆடி மாசம். குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவுக்கு அந்தியூரில் குதிரைச் சந்தை கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மார்வாரி, கத்தியவாரி, நொக்ரா எல்லாம் வரும் இடத்தில் பல் பார்ப்பவரும் வருவார் என்று போய் விசாரித்தேன். ஒருவரைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்தார், மேல் உதட்டைத் தூக்கினார், முன்பல்லுக்குப் பின்னால் அண்ணம் உப்பியிருப்பதைக் காட்டினார். “இதுதானுங்ண்ணா சங்கதி. ஒரு சூடு வெச்சுட்டா நாளைக்கே கொள்ளைப் பூந்து திங்கும்.” பையில் இரும்புக் கம்பி தயாராக இருந்தது.

கடைவாயை அவர் பார்க்கவே இல்லை. அண்ணம் அங்கே கொஞ்சம் தடித்து இருப்பது பல குதிரைகளுக்கு இயல்பு. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் இரண்டரையிலிருந்து நாலரை வயசுக்குள் இன்னும் நன்றாக உப்பும், தானே வற்றிவிடும். அந்த இடத்தில் காய்ச்சின கம்பியை வைத்தால் வாய் வெந்து புண்ணாகி, இருக்கிற தீனியும் போகும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து வெச்சுட்டு இருக்கோம்” என்று கோபித்துக்கொண்டு போனார். எத்தனை வாயில்லா ஜீவன்கள் அந்தக் கம்பியைத் தாங்கியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. உங்கள் வாசலுக்கும் இப்படி ஒருவர் வந்தால் கம்பியைக் கண்டவுடன் அனுப்பிவிடுங்கள், பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தவர் வேறு வகை. ரேஸ் குதிரைகளுக்கெல்லாம் பார்த்தவர் என்று ஒரு நண்பர் சொல்லி வரவழைத்தோம். கையில், பல்லின் கூரைத் தேய்த்து எடுக்கும், கரண்டில் ஓடும் ராவும் மெஷின். பேச்சு சுத்தமாக இருந்தது, வேகமும் இருந்தது. மயக்க ஊசியையும் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். கால்நடை டாக்டராகப் பதிவு உண்டா என்று கேட்டேன். “அதெல்லாம் டாக்டருங்களுக்குத்தான் தம்பி, நான் அனுபவத்துல பண்றவன்” என்றார். மெஷின் தலையைக் கையில் வாங்கிப் பார்த்தால், போன லாயத்துக் குதிரையின் புல்லும் காய்ந்த ரத்தமும் அதில் ஒட்டியிருந்தன. கழுவச் சொன்னதற்குக் குழாய்த் தண்ணீரைக் காட்டினார். பெட்ரோல் செலவைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் மயக்க ஊசி விளையாட்டில்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற டாக்டர்தான் மருத்துவம் பார்க்க வேண்டும். ஊசி போட்டபின் குதிரை சரிந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அழுக்கு அரம் இன்னொரு ஆபத்து. தொண்டைக் கட்டி நோய் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் ஒரு லாயத்திலிருந்து இன்னொரு லாயத்துக்குப் போகும். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் வந்தாலோ குதிரையைக் கொல்ல வேண்டியிருக்கும், அது மனிதருக்கும் ஒட்டும். எனவே அரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெஷினே கெட்டது என்று சொல்லவில்லை. தெரிந்த டாக்டர் கையில் அது நல்ல கருவி. தெரியாத கையில் ஒரே பல்லில் அழுத்திப் பிடித்தால் சூடு உள்ளே இறங்கிப் பல்லின் உயிர்ச்சதையைக் கெடுத்துவிடும். அதிகமாக ராவிவிட்டாலும் திரும்ப வைக்க முடியாது. குதிரைப் பல் வருஷத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் வெளியே தள்ளும். வழித்த பல் சரியாகும்வரை குதிரை அரைவயிறுதான்.

மூன்றாவது முயற்சிதான் அதிகம் வலித்தது. ஒரு பெரிய கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து, குதிரைக்குப் பல் ராவ வேண்டும் என்று சொன்னோம். “கூட்டிட்டு வாங்க சார்” என்றார்கள். பிக்கப் வண்டி பிடித்து, தரையில் வைக்கோல் பரப்பி, விடியற்காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. போய் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. போனில் யார் வரச் சொன்னது, அவர் பேர் என்ன, எழுத்து இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் வெயிலில் நின்றபிறகு உள்ளேயிருந்து வந்த சேதி இது: குதிரைக்கான மவுத் கேக் ஸ்டோர் ரூமில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் லீவு. அன்றைக்குப் பணியில் இருந்த இளம் டாக்டர் சங்கடப்பட்டு, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டுமா என்று கேட்டார். அப்படிப் பார்த்தால் முன்பக்கத்து ஒன்றிரண்டு கடைவாய்ப் பல்தான் எட்டும், இழுத்ததில் நாக்குக்கும் சேதம் வரலாம். வேண்டாம் என்று சொல்லித் திரும்பினோம். வண்டி வாடகை போனதுகூடப் பெரிதில்லை. பட்டினியில் இருந்த பிராணியை அந்த வெயிலில் அலைய விட்டார்களே என்பதுதான் தாங்கவில்லை.

தூரத்துக்குக் குதிரையைக் கொண்டுபோவதற்கு முன் போனில் நேரடியாகக் கேளுங்கள்: குதிரைக்கான மவுத் கேக் கையில் இருக்கிறதா, நீள அரம் இருக்கிறதா, குதிரை பார்த்துப் பழகிய டாக்டர் அன்றைக்கு வருகிறாரா. பேசியவர் பேரை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். “கூட்டிட்டு வாங்க” என்ற வார்த்தையை மட்டும் நம்பி வண்டி பிடிக்காதீர்கள்.

அதற்கப்புறம் கேள்வியையே மாற்றிவிட்டேன். “நல்ல டாக்டர் யாருங்க” என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் வரும். கோயம்புத்தூர் பக்கம் குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒரு பள்ளிக்குப் போய், “உங்க குதிரைக்குக் கடைசியா எப்போ பல் பார்த்தீங்க, யார் பார்த்தாங்க, எழுதி வெச்சிருக்கீங்களா” என்று கேட்டேன். லாயத்துப் பொறுப்பாளர் பேசாமல் ஒரு பைலை எடுத்து வைத்தார். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தாள். அதில் பல் வரிசை அச்சிட்டு, எந்தப் பல்லில் என்ன இருந்தது, எவ்வளவு ராவப்பட்டது, அடுத்து எப்போது என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருந்தன. தேடியவர் கிடைத்துவிட்டார் என்று அந்தத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ராணுவத்தின் ரீமவுண்ட் வெட்னரி கோர் என்ற கால்நடை மருத்துவப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

தேதி வாங்கியதும் அவர் வந்ததும் சுலபமாக முடிந்தன. வந்தவர் உடனே வாயைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கைப்பிடி சோளத்தட்டைப் போடச் சொல்லி, அவள் எந்தப் பக்கமாக மெல்லுகிறாள் என்று நின்று பார்த்தார். சினையா, தடுப்பூசி எப்போது, முன்னால் மயக்க ஊசி போட்டதுண்டா, கொள்ளு எவ்வளவு, தட்டு எவ்வளவு என்று கேட்டார். கன்னத்தை வெளியிலிருந்தே தடவிப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபின்தான் ஊசி. அந்த மயக்கத்தில் குதிரை படுக்காது, நின்றபடியே தலை மட்டும் தொங்கும். தலையை உத்தரத்தில் கட்டிய கயிற்றுத் தாங்கலில் வைத்து, வாயைக் கழுவி, மவுத் கேக் மாட்டி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டார்.

பார்த்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். “வாங்க, கையை விட்டுப் பாருங்க. நீங்க தொட்டுப் பார்க்காம நான் அரத்தை எடுக்க மாட்டேன்.”

மவுத் கேக்கின் திருகு மாட்டியிருக்கிறதா என்று காட்டிவிட்டுத்தான் கையை விடச் சொன்னார். மேல் கடைவாய்ப் பல் வரிசையின் வெளி ஓரம் கத்திபோலக் கூராக இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் புண். முதல் பல்லில் கீழ்நோக்கி வளைந்த ஒரு கொக்கி. கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் கன்னம் அந்தக் கூரில்தான் அழுந்தியிருக்கிறது. தலையை உதறாமல் என்ன செய்வாள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்றும் சொன்னார். குதிரைக்கு மேல் தாடை கீழ்த் தாடையைவிட அகலம். அதனால் மேல் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் சரியாகத் தேயாமல் கூர் ஏறும். நாளெல்லாம் புல் மேய்கிற குதிரை தாடையை அகலமாக ஆட்டி அரைக்கும், கூர் மெதுவாகத்தான் ஏறும். கட்டிப்போட்டு வைத்து, கொள்ளும் தவிடும் கொடுத்தால் அந்த ஆட்டம் குறைந்துவிடும்.

கை அரத்தால்தான் ராவினார். கூரை மட்டும் எடுத்தார், மேல்பரப்பைத் தொடவில்லை. “வழுவழுன்னு ஆக்கிட்டா வேலை முடிஞ்ச மாதிரி தெரியும். கொத்தாத அம்மியில மொளகா அரைபடுமா? மேடு பள்ளம் இருக்கணும்” என்றார். கொக்கியையும் ஒரேயடியாக எடுக்கவில்லை. பாதியைக் குறைத்து, மீதி அடுத்த முறை என்றார். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன் என்று சொல்பவரைவிட, மீதியை விட்டுவைக்கத் தெரிந்தவரைத்தான் நான் நம்புவேன். முடிந்ததும் மறுபடி கையை விடச் சொன்னார். ஓரம் உருண்டையாக இருந்தது. அப்புறம் தாள், கையெழுத்து, பதிவு எண்.

மயக்கம் முழுசாகத் தெளியும்வரை ஒரு வாய் புல்கூடப் போடக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். லாயத்தில் கிடக்கும் வைக்கோலையும் கூட்டி எடுத்துவிடுங்கள், அரைமயக்கத்தில் அதையும் இழுக்கும். எங்களுக்கு முதலில் ஊறிய தவிடுதான் கொடுக்கச் சொன்னார். கன்னப் புண் ஆறும்வரை கடிவாளம் போடவில்லை.

லத்தியில் முழுக் கொள்ளு வருவது நின்றது. தொட்டிக்குக் கீழே உருண்டை இல்லை. இப்போது இடது கடிவாளத்தை எடுத்தால் கழுத்தை வளைத்துக் கொடுக்கிறாள். விலாவும் மூடி வருகிறது.

கட்டணம் குறைவில்லை, வந்துபோகும் செலவும் நம்முடையது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைகளையும் சேர்த்து ஒரே நாளில் பார்க்க வைத்தோம், செலவு பங்கிட்டுப் போயிற்று. அதில் ஒரு குதிரைக்கு வெகுநாளாக ஒரு மூக்கில் மட்டும் நாற்றமான சளி. சளி மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல்தாடைப் பின்பற்களின் வேர் சைனஸ் அறைக்குள் இருப்பதால் இது பல்லிலிருந்தும் வரலாம் என்று சொல்லி, எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பல்லின் வேரில் சீழ் இருந்தது தெரிந்து, இப்போது அதற்கு வைத்தியம் நடக்கிறது.

ஆறு மாசம் கழித்து மிச்சக் கொக்கிக்கு வரச் சொல்லி, அன்றைக்கே தேதி வாங்கி லாயச் சுவரில் எழுதிவிட்டோம். அந்தியூர், கோபி, பவானி பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் முன்கூட்டிச் சொன்னால் அதே நாளில் சேர்ந்துகொள்ளலாம்.